ஒரு மழை, ஒரு வெயில்: சென்னைக்குக் குடிபெயருமுன்

(நமது பழைய மாணவர் சங்கத்தின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலர் என்னைப் பேசச் சொன்னபோது, "பழைய ஹாஸ்டல் கதை சொல்லாதேப்பா, அதை எல்லாரும் சொல்றாங்க. உபயோகமா ஏதாவது சொல்லு" என்றார். நான் 36 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் ஒன்பது ஆண்டு வீட்டுக் கடன் பிரிவில். ஓய்வு பெற்றபின் 2022இல் திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன்.

இந்த மண்டபத்தில் குறைந்தது பத்து பேராவது இந்த முடிவின் வாசலில் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் டிபன் சாப்பிடும்போதே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "பையன் கூப்பிடுறான், மருமகள் வேலைக்குப் போறா, பேரனைப் பார்த்துக்க ஆள் இல்லே. இங்கே வீட்டை வித்துட்டு அங்கே ஒரு பிளாட் வாங்கிடலாமா?" இதுதான் கேள்வி. அறுபது வயதுக்கு மேல் எடுக்கிற முடிவு இது. முப்பது வயதில் தவறினால் சம்பாதித்துச் சரிசெய்யலாம். அறுபத்தைந்தில் அந்த வசதி கிடையாது.

என் பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் காபி குடிக்கப் போகிறவர்களுக்கும் அது கிடைத்துவிடட்டும். சென்னையில் எந்தப் பேட்டையாக இருந்தாலும், அங்கே வாடகைக்கு ஓர் ஆண்டு இருங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரு சித்திரை, வைகாசி வெயில். இரண்டையும் பார்த்தபின் வாங்குங்கள். அதுவரை ஊர் வீட்டை விற்காதீர்கள். மீதி நேரம் பேசப்போவது இதற்கான காரணங்களைத்தான்.

வாடகை வேறு, செலவு வேறு

சென்னை என்று ஒரே பெயரில் சொல்கிறோம். 2011இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. தாம்பரம், பல்லாவரம் பகுதிகள் 2021இல் தனி மாநகராட்சி ஆகிவிட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவருக்கும் சோழிங்கநல்லூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவருக்கும் ஊர் ஒன்றுதான், நாள் வேறு. "சென்னையில் வீடு என்ன விலை?" என்று கேட்பது, "தமிழ்நாட்டில் நிலம் என்ன விலை?" என்று கேட்பதற்குச் சமம்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர், போக்குவரத்து, அட்வான்ஸ் என்று ஐந்து வரி. உங்களுக்குப் புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். தொகை முக்கியமில்லை, கூட்டல்தான் முக்கியம்.

முதல் வீடு, வாடகை 16,000 ரூபாய். "அடடா, மலிவு!" என்போம். மெயின்டனன்ஸ் 2,500. கோடையில் வாங்கும் லாரித் தண்ணீரில் நம் பங்கு 1,500. பஸ் ஸ்டாப் தூரம், ஆட்டோதான் கதி என்று வேலைக்குப் போகிறவருக்கு நாளுக்கு 200 வீதம் 22 நாளுக்கு 4,400. ஆக மொத்தம் 24,400.

இரண்டாவது வீடு, வாடகை 21,000. "ஐயையோ!" என்போம். மெயின்டனன்ஸ் 1,500. குழாயில் தண்ணீர் வருகிறது. ரயில் நிலையத்துக்கு நடை, சீசன் டிக்கெட்டும் மற்ற செலவும் 800. மொத்தம் 23,300. விலை கூடிய வீடு மாதம் 1,100 ரூபாய் மலிவாகிவிட்டது! போக வர மிச்சமாகும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அட்வான்ஸ் வேறு இருக்கிறது. பத்து மாத வாடகை முன்பணம் என்பது சென்னையின் பழைய வழக்கம். 20,000 வாடகைக்கு 2 லட்சம். அது வங்கியில் 7 சதவீத வட்டிக்கு இருந்தால் ஆண்டுக்கு 14,000 வரும். அதுவும் வாடகைதான், கண்ணுக்குத் தெரியாத வாடகை. தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பது பொது விதி. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்கு இடம் உண்டு. ஆகவே "சார், சட்டப்படி மூணு மாசம்தானே?" என்று சிரித்த முகத்தோடு பேச்சை ஆரம்பியுங்கள். பத்து கேட்டவர் ஆறுக்கு இறங்கி வந்ததை நானே பார்த்தேன். ஒப்பந்தத்தில் பெயின்ட் அடிக்கும் செலவு யாருடையது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்ற இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு வரும் மனஸ்தாபம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

மண் மறப்பதில்லை

இனி மழைக்கு வருகிறேன். சென்னைக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரம் முழுக்கத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் வடியவில்லை. காரணம் சிக்கலானதல்ல. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடமும் சாலையுமாக மாறிவிட்டது. தண்ணீருக்குத் தன் பழைய வழி தெரியும். பத்திரம் எழுதியவருக்குத்தான் தெரியாது.

நம் வகுப்புத் தோழர் ஒருவர், இன்று வரவில்லை, "பெயர் சொல்லாமல் சொல்லு, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் திருச்சி வீட்டை விற்றார். மார்ச் மாதம் சென்னையில் தரைத்தளப் பிளாட் பார்த்தார். காற்றோட்டம், வெளிச்சம், எல்லாம் பிரமாதம். அந்த ஆண்டு டிசம்பரில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை நாற்காலியோடு தூக்கி முதல் மாடியில் முன்பின் தெரியாதவர் வீட்டில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். இன்று அந்தப் பிளாட்டைப் போட்ட விலைக்குக் கேட்க ஆள் இல்லை. திருச்சியில் விற்ற விலைக்கு இப்போது அதே தெருவில் பாதி வீடு கூடக் கிடைக்காது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. அவர் புத்திசாலி. நம் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் எடுத்தவர். மார்ச் மாதத்துத் தெரு எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே புரோக்கரிடம் "இங்கே தண்ணி நிக்குமா?" என்று கேட்காதீர்கள். அவர் "நிக்கவே நிக்காது சார்" என்பார், அது அவர் பிழைப்பு. தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் கேளுங்கள். பால் போடுகிறவரிடம் கேளுங்கள். "2015ல இங்கே எதுவரைக்கும் வந்துச்சு?" என்று உயரத்தைக் கேளுங்கள், கையால் காட்டுவார்கள். சுற்றுச்சுவரில் கறைக்கோடு இருக்கிறதா, பழைய வீடுகளின் வாசலை விடச் சாலை மேலே ஏறியிருக்கிறதா, பாருங்கள். ஊர்ப் பெயரையும் காதில் வாங்குங்கள். தாங்கல் என்றால் சிறு நீர்நிலை. பழவந்தாங்கலும் ஐயப்பன்தாங்கலும் சும்மா வந்த பெயர்களல்ல. தியாகராய நகரே 1920களில் ஒரு நெடிய ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். அதற்காக அங்கெல்லாம் குடியிருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்று தெரிந்து இருங்கள் என்கிறேன்.

வெயில் காலத்துச் சென்னை வேறு ஊர். 2019 ஜூனில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அதன்பின் நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர்க் குடிநீர் ஆலை 2024இல் திறக்கப்பட்டது, நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் வீடு பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மெட்ரோ வாட்டர் குழாய் இணைப்பு உண்டா? கழிவுநீர் குழாயில் போகிறதா, லாரியில் போகிறதா? மே மாத மெயின்டனன்ஸ் ரசீது ஒன்றைக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

நாங்கள் பார்த்த நாலு பேட்டை

என் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். மகளுக்கு வேலை சோழிங்கநல்லூரில், குடியிருப்பது மேடவாக்கத்தில். பேத்தியை மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் வேண்டும். எங்களோடு என் தாயார், அப்போது வயது 84.

"அப்பா, எங்க காம்ப்ளெக்ஸ்லயே நாலாவது மாடி காலியா இருக்கு" என்றாள் மகள். என் மனைவிக்கு மந்தைவெளி. கபாலீசுவரர் கோயில், பங்குனி உற்சவம், மார்கழிக் கச்சேரி எல்லாம் நடந்து போகும் தூரம். மைத்துனர் பெரம்பூரைச் சொன்னார். தெற்கை விட வாடகை குறைவு, கடை, மார்க்கெட், ரயில் எல்லாம் பக்கம், பழைய ரயில்வே குடும்பங்கள் நிறைந்த நல்ல அக்கம்பக்கம். எனக்கு மனதில் இருந்தது தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்.

மந்தைவெளியில் எங்கள் பணத்துக்குக் கிடைத்தது லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. அம்மாவுக்கு முழங்கால் வலி. பெரம்பூர் வீடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பேத்தியின் மூன்றரை மணிக்கு நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். மகள் வீட்டு நாலாவது மாடிக்கு லிப்ட் உண்டு, எல்லா வசதியும் உண்டு.

அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அங்கே வாசல் இருக்காடா?"

உறையூரில் எங்கள் வீட்டுக்குத் திண்ணை உண்டு. அறுபது வருஷமாக அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கீரைக்காரியோடு பேரம் பேசியவர். நாலாவது மாடியில் வாசல் என்றால் கதவு. கதவைத் திறந்தால் எதிர்க் கதவு. என் நோட்டில் ஐந்து வரி இருந்தது, வாசலுக்கு வரி இல்லை. அன்று ஆறாவது வரி சேர்த்தேன்.

சேலையூரில் ஒரு தனி வீட்டின் கீழ்ப்பகுதி கிடைத்தது. நடை மேடு, தெரு மேடு, வாசலில் இரண்டு படி. மகள் வீட்டுக்கு நேர் பஸ். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், பல்லவன் இரண்டும் தாம்பரத்தில் நிற்கும். உறையூர் வீட்டை எட்டிப் பார்க்கப் போக எழும்பூர் வரை அலைய வேண்டாம். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபின் தெற்கு பஸ்ஸும் கிட்டே வந்துவிட்டது. வாடகை, மகள் சொன்ன வீட்டை விட 2,000 கூடுதல். மகள் ஒரு மாதம் வருத்தமாக இருந்தாள். அம்மா அந்த இரண்டு படியில் உட்கார்ந்து ஒரே வாரத்தில் தெரு முழுக்கச் சொந்தம் ஆக்கிவிட்டார். மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பால் கொண்டு வந்து கொடுத்தவர் எதிர் வீட்டுப் பையன். "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அந்த 2,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்று அன்று ரசீது கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆவணியில் அம்மா காலமானார். கடைசி நாள் மாலை கூட வாசலில்தான் இருந்தார்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால்

"வாடகை கொடுப்பது தண்டம்" என்று நம் தலைமுறை படித்திருக்கிறது. வங்கிக்காரனாகக் கணக்கு சொல்கிறேன். 80 லட்சத்துக்கு ஒரு மறுவிற்பனை பிளாட். முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலிலிருந்து 2 சதவீதம், ஆக 9 சதவீதம்: 7 லட்சத்து 20 ஆயிரம். கட்டி முடியாத பிளாட்டானால் ஜிஎஸ்டி தனி. அந்த 80 லட்சம் 7 சதவீதத்தில் வங்கியில் இருந்தால் வட்டி மாதம் சுமார் 46,600. அதே பிளாட் 22,000 வாடகைக்குக் கிடைத்தால், வருமான வரி போனாலும் ஓராண்டு யோசிப்பதற்கு உங்களுக்கு வசதி இருக்கிறது. விலை ஏறாதா என்பீர்கள். ஏறலாம். நம் தோழருக்கு இறங்கியது.

வாங்கும்போது மறக்கக் கூடாதவை சில. விளம்பரத்தில் சொல்லும் சதுர அடி வேறு, நீங்கள் புழங்கும் கார்ப்பெட் ஏரியா வேறு. மாடிப்படியும் லிப்டும் சேர்த்துச் சொல்வார்கள். பிரிபடாத பங்கு நிலம், அதாவது யுடிஎஸ், எவ்வளவு என்று பாருங்கள். கட்டடம் பழசாகும், நிலம் பழசாகாது. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், சிஎம்டிஏ அனுமதி வரைபடம் மூன்றையும் உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள், விற்பவர் தரும் வக்கீலிடம் அல்ல. புதிய அடுக்குமாடி என்றால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள்.

"மெட்ரோ வரப்போகுது" என்று விலையில் சேர்ப்பார்கள். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வரை ஐந்தே கிலோமீட்டர் நீட்டிப்புப் பணி 2008இல் தொடங்கியது. 2023 முடிந்தபோதும் அதில் ரயில் ஓடவில்லை. வந்த ரயிலுக்கு விலை கொடுங்கள். வரும் ரயிலுக்கு வந்தபின் கொடுக்கலாம்.

நண்பர்களே, உறையூர் வீட்டை நாங்கள் இன்னும் விற்கவில்லை. கேட்பவர்கள் இருக்கிறார்கள், தம்பியும் அவ்வப்போது கேட்கிறான். சாவி என் பையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் சென்னையில் நிம்மதியாகத் தூங்குகிறேன். விற்கும் நாள் வரலாம். அன்று மூன்று மழை, மூன்று வெயில் பார்த்தவனாக விற்பேன்.

உங்களில் யார் சென்னையில் வீடு பார்க்க வந்தாலும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நானும் கூட வருகிறேன். எந்தத் தெருவில் தேய்ப்பவர் எங்கே நிற்பார் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது, செயலர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.